1933-இல் அமெரிக்க அரசு செய்ததில் எது வேலை செய்தது? பெருமந்தம் பற்றி ஒரு விவாதம்

பொருள்தேடி

வணக்கம் நண்பர்களே. 1929-இல் தொடங்கிய அமெரிக்கப் பெருமந்தத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் படித்த கதை எல்லோருக்கும் தெரியும். பங்குச்சந்தை விழுந்தது, அதிபர் ஹூவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ரூஸ்வெல்ட் வந்து அரசுப் பணத்தை அள்ளி இறைத்தார், நாடு எழுந்து நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் இதில் ஒரு வரிகூட அப்படியே நிற்கவில்லை.

1933-இல் நாலு பேரில் ஒருவருக்கு வேலையில்லை. நாட்டின் உற்பத்தி 1929-இல் இருந்ததைவிட கால்பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. பங்கு விலைகளைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பரில் 381, 1932 ஜூலையில் 41. இவ்வளவு பெரிய பள்ளத்திலிருந்து ஒரு அரசு நாட்டை எப்படி மேலே இழுத்தது? ஹூவர் நிஜமாகவே ஒன்றும் செய்யவில்லையா? ரூஸ்வெல்ட் செய்ததில் எது பலித்தது, எது பலிக்கவில்லை? அப்புறம், 1937-இல் எல்லாம் சரியாகிக்கொண்டிருந்தபோது மறுபடியும் ஏன் விழுந்தது? படித்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

பழஞ்சுவடி

நல்ல கேள்வி. ஹூவரில் தொடங்குகிறேன். அவர் சும்மா இருக்கவில்லை. 1929 நவம்பரிலேயே பெரிய தொழிலதிபர்களைக் கூப்பிட்டுக் கூலியைக் குறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். பலர் 1931 கடைசிவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்கள். அரசுக் கட்டுமான வேலைகளைக் கூட்டினார். 1932 ஜனவரியில் வங்கிகளுக்கும் ரயில் கம்பெனிகளுக்கும் கடன் கொடுக்க மறுகட்டமைப்பு நிதிக் கழகம் என்று ஒன்றை உருவாக்கினார். அதே கழகத்தைத்தான் பின்னால் ரூஸ்வெல்ட்டும் முழுமூச்சாகப் பயன்படுத்தினார்.

ஆனால் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடுங்கினார். 1930 ஜூனில் இறக்குமதி வரியை ஏற்றும் ஸ்மூட்-ஹாலி சுங்கவரிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் சேர்ந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தும் கேட்கவில்லை. 1932-இல் வரவுசெலவைச் சமன்செய்கிறேன் என்று வருமான வரியின் உச்ச விகிதத்தை 25 சதவீதத்திலிருந்து 63-க்கு ஏற்றினார்.

அதே 1932 வரிச்சட்டத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு காசோலைக்கும் 2 சென்ட் வரி. இன்று கேட்டால் அற்பமாகத் தெரியும். ஐந்து டாலர், பத்து டாலருக்குக் காசோலை எழுதுகிற சாதாரண ஆள் என்ன செய்வார்? வங்கிக்குப் போய்ப் பணத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொக்கமாகவே கொடுத்துவிடுவார். வங்கிகள் ரொக்கமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில், பணத்தை வெளியே எடு என்று அரசே மக்களுக்குச் சொன்னதுபோல் ஆயிற்று.

நீலத்தாமரை

பழஞ்சுவடி ஐயா சொன்னதோடு ஒன்று. அந்தக் கழகத்திடம் கடன் வாங்கிய வங்கிகளின் பட்டியலை 1932 ஆகஸ்டிலிருந்து வெளியிடத் தொடங்கினார்கள். நாடாளுமன்றத்தில் அப்படி ஒரு வற்புறுத்தல். வெளிப்படைத்தன்மைதானே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பட்டியலில் தன் வங்கியின் பெயரைப் பார்த்த வாடிக்கையாளர் அடுத்த நாள் காலையில் வரிசையில் நின்றார். அதனால் உதவி தேவைப்பட்ட வங்கிகளே உதவி கேட்கப் பயந்தன.

வெண்தாள்

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். பங்குச்சந்தையில் பணம் போட்டவர்கள் சிறுபான்மை. சந்தை விழுந்ததற்கும் எங்கோ பருத்தி விளைவிக்கிறவர் நடுத்தெருவுக்கு வந்ததற்கும் என்ன தொடர்பு? வங்கிகள் மூடியது காரணமா, விளைவா?

பழஞ்சுவடி

இரண்டும்தான். பருத்தி விவசாயியையே எடுத்துக்கொள்வோம். 1929-இல் பருத்தி பவுண்டுக்கு ஏறத்தாழ 17 சென்ட். 1932-இல் 6 சென்ட் பக்கம் வந்துவிட்டது. நிலத்தை அடகு வைத்து 1,000 டாலர் கடன் வாங்கியிருந்தால், 1929 விலையில் அதை அடைக்க 6,000 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவான பருத்தி போதும். 1932-இல் 16,000 பவுண்டுக்கும் மேல் வேண்டும். கடன் பத்திரத்தில் எண் மாறவில்லை. அவர் உழைக்க வேண்டியது மட்டும் மூன்று மடங்கு ஆகிவிட்டது. இதுதான் பணவாட்டம். விலை குறைந்தால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அவரால் கட்ட முடியவில்லை என்றதும் ஊர் வங்கி விழுகிறது. வங்கி விழுந்தால் அதில் சேமித்திருந்த மளிகைக்காரர், ஆசிரியர், விதவை எல்லோருடைய பணமும் போகிறது. அன்று வைப்புத்தொகைக்கு நாடு தழுவிய காப்பீடு எதுவும் இல்லை. பக்கத்து ஊரில் இதைக் கேள்விப்பட்டவர்கள் நல்ல நிலையில் இருக்கிற தங்கள் வங்கியிலிருந்தும் பணத்தை எடுக்கிறார்கள். அந்த வங்கி இருக்கிற சொத்தையெல்லாம் வந்த விலைக்கு விற்கிறது, விலை இன்னும் சரிகிறது.

1930 டிசம்பரில் நியூயார்க்கில் 'பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்' மூடியது. அது தனியார் வங்கிதான், ஆனால் பெயரைக் கேட்டால் அரசு வங்கி மாதிரி இருக்கும். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் பணம் போட்டிருந்தார்கள். பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும். 1930 முதல் 1933 வரை மொத்தம் 9,000 வங்கிகள் போல விழுந்தன. நாட்டிலிருந்த பண அளவே மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. பொருளாதார அறிஞர்கள் ஃப்ரீட்மனும் ஷ்வார்ட்ஸும் 1963-இல் எழுதிய புத்தகத்தின் மையமே இதுதான். மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் இதைத் தடுத்திருக்க முடியும், தடுக்கவில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

தடுக்காதது மட்டுமில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்திலிருந்து, அதாவது பணத்துக்கு ஈடாகக் குறித்த விலையில் தங்கம் தருகிற ஏற்பாட்டிலிருந்து வெளியேறியது. அடுத்து டாலர்தான் என்று பயந்து எல்லோரும் அமெரிக்கத் தங்கத்தை எடுக்கத் தொடங்கினார்கள். ஃபெடரல் ரிசர்வ் அக்டோபரில் வட்டியை ஒன்றரையிலிருந்து மூன்றரை சதவீதத்துக்கு ஏற்றியது. தங்கம் நின்றது, வங்கிகள் சாய்ந்தன.

பொருள்தேடி

அப்படியானால் ரூஸ்வெல்ட் வந்த முதல் வாரம்தான் உண்மையான திருப்பமா? "நூறு நாள்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். முதல் எட்டு நாளைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள் ஐயா.

பழஞ்சுவடி

சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே. என் வாசிப்பில் அந்த எட்டு நாள்தான் மொத்தக் கதைக்கும் அச்சாணி.

1933 பிப்ரவரி 14-ஆம் தேதி மிச்சிகன் ஆளுநர் மாநிலத்தின் எல்லா வங்கிகளையும் மூடினார். அங்கிருந்து பரவியது. மார்ச் 4, ரூஸ்வெல்ட் பதவியேற்ற நாள். அன்று விடியற்காலையில் நியூயார்க்கும் இலினாயும் மூடிவிட்டன. பங்குச்சந்தையும் திறக்கவில்லை. உலகத்தின் மிகப் பெரிய பொருளாதாரத்தில் அன்றைக்கு ஒரு காசோலையை மாற்ற வழியில்லை.

மார்ச் 6 அதிகாலையில் நாடு முழுதும் வங்கி விடுமுறை அறிவித்தார். அதற்கு எடுத்துக்கொண்ட சட்டம், முதல் உலகப்போர் காலத்தில் எதிரி நாடுகளோடு வணிகத்தைத் தடுக்க 1917-இல் போட்ட சட்டம்! அதிகாரம் செல்லுமா என்ற சந்தேகம் இருந்தது. மார்ச் 9-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கூடி அவசர வங்கிச் சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றி அதற்கு ஒப்புதல் கொடுத்தது. கீழவையில் உறுப்பினர்களுக்குக் கொடுக்க அச்சுப் பிரதிகூட இல்லை. கையிலிருந்த ஒரே பிரதியை உரக்கப் படித்தார்கள். நாற்பது நிமிட விவாதம்கூட இல்லை, ஓட்டெடுப்பு, முடிந்தது.

முக்கியமான செய்தி, அந்தச் சட்டத்தை எழுதியதில் ஹூவரின் கருவூலச் செயலர் ஆக்டன் மில்ஸுக்கும் அவருடைய அதிகாரிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. பதவி போன பின்னும் அலுவலகத்திலேயே தங்கி, புதிய செயலர் உட்டினோடு சேர்ந்து இரவு பகலாக வேலை செய்தார்கள். தேர்தலில் தோற்ற கட்சிக்காரர்கள்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வரும்.

சட்டத்தில் இருந்தது இரண்டு விஷயம். வங்கிகளைத் தரம் பிரித்து, நல்லவற்றை உடனே திறப்பது, சிக்கலானவற்றைச் சரிசெய்த பின் திறப்பது, தேறாதவற்றைத் திறக்காமலே விடுவது. இரண்டாவது, வங்கிகளின் சொத்தை ஈடாக வைத்து ஃபெடரல் ரிசர்வ் புதுப் பணத்தாள் அச்சடித்துக் கொடுக்கலாம். அதாவது, திறக்கிற வங்கிக்கு எவ்வளவு ரொக்கம் வேண்டுமானாலும் வரும்.

மார்ச் 12 ஞாயிறு இரவு ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். சுமார் 6 கோடி பேர் கேட்டதாகச் சொல்வார்கள். நீங்கள் வங்கியில் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, அதைக் கடனாக, முதலீடாக வெளியே விடுகிறது என்று முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். மெத்தைக்கு அடியில் வைப்பதைவிடத் திறந்த வங்கியில் வைப்பது பத்திரம் என்றார். மறுநாள் திங்கட்கிழமை பெரிய நகரங்களில் வங்கிகள் திறந்தன. வரிசை நின்றது உண்மை. ஆனால் பணத்தைத் திரும்பப் போட நின்ற வரிசை. பதுக்கப்பட்டிருந்த ரொக்கத்தில் பாதிக்கும் மேல் இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. மார்ச் 15 பங்குச்சந்தை திறந்தபோது டவ் ஒரே நாளில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஒரு நாள் ஏற்றத்தில் அந்த விகிதத்தை இன்றுவரை எந்த நாளும் மிஞ்சவில்லை.

இத்தனைக்கும் இதுவரை புதிதாக ஒரு கட்டடம் கட்டவில்லை, ஒருவருக்கும் வேலை கொடுக்கவில்லை. என்ன செய்வோம் என்று அரசு தெளிவாகச் சொன்னது, சொன்னதைச் செய்ய ரொக்கத்தைத் தயாராக வைத்திருந்தது. அவ்வளவே.

வெண்தாள்

காப்பீடும் அப்போதே வந்துவிட்டதா?

பழஞ்சுவடி

இல்லை, அது ஜூன் 16 சட்டத்தில் வந்தது, 1934 ஜனவரியிலிருந்து நடைமுறை. முதலில் ஒருவருக்கு 2,500 டாலர் வரை, அதே ஆண்டு ஜூலையில் 5,000. ரூஸ்வெல்ட்டுக்கு இதில் விருப்பமே இல்லை. மோசமான வங்கிகளுக்காக நல்ல வங்கிகள் தண்டம் கட்டுவதா என்று தயங்கினார், காங்கிரஸ்தான் பிடித்த பிடியில் நின்றது. 1933-இல் ஏறத்தாழ 4,000 வங்கிகள் மூடப்பட்டன. 1934-இல் காப்பீடு பெற்றவற்றில் விழுந்தவை 9.

செங்கல்

தோழர்களே, பொறுமையாகப் படித்தேன். வங்கி, தங்கம், பங்குச்சந்தை எல்லாம் சரி. ஆனால் வங்கியில் போடுவதற்கே ஒன்றும் இல்லாதவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. 1933-இல் சேமிப்பெல்லாம் கரைந்து மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்த ஒருவருக்கு, வங்கி திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன?

ஹாரி ஹாப்கின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1933 மே மாதம் நிவாரணத் துறைக்குப் பொறுப்பேற்றார். கையில் 50 கோடி டாலர் நிதி. முதல் இரண்டு மணி நேரத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் மாநிலங்களுக்கு அனுப்பிவிட்டார். கொஞ்சம் பொறுத்தால் பொருளாதாரம் தானாகச் சரியாகும் என்று சொன்னவர்களுக்கு, மக்கள் நீண்ட காலத்தில் சாப்பிடுவதில்லை, தினமும் சாப்பிடுகிறார்கள் என்று அவர் சொன்ன பதில் புகழ்பெற்றது. அந்தக் குளிர்காலத்தில், நவம்பரில் தொடங்கி ஜனவரிக்குள் 40 லட்சம் பேருக்கு நேரடியாக வேலை கொடுத்தார். கணினி இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, அடையாள அட்டை இல்லை. இரண்டே மாதம்! இப்படி ஒரு நிர்வாக வேலையை வேறு எந்த அரசும் அமைதிக் காலத்தில் செய்திருக்கிறதா என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

வனப்பாதுகாப்புப் படை இன்னொன்று. 18 முதல் 25 வயதுவரையுள்ள மணமாகாத இளைஞர்களை முகாமில் தங்கவைத்துச் சோறு போட்டு மாதம் 30 டாலர் கூலி. அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். மகன் காட்டில் மரம் நட்டால் வீட்டில் அடுப்பு எரியும். ஒன்பது ஆண்டில் 30 லட்சம் பேர் போல அதில் சேர்ந்தார்கள். இதையெல்லாம் உற்பத்திக் குறியீட்டில் எவ்வளவு சதவீதம் கூட்டியது என்று மட்டும் அளந்தால் பாதி விஷயம் கண்ணில் படாது.

நாணயமாற்று

செங்கல் தோழர், நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை, அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் கேள்வி, நாடு மந்தத்திலிருந்து எப்படி மீண்டது என்பது. அதற்குத் தங்கத்தைப் பற்றிப் பேசாமல் பதில் கிடைக்காது.

1933 ஏப்ரல் 5, தனியார் கையிலிருக்கும் தங்க நாணயம், கட்டி, சான்றிதழ் எல்லாவற்றையும் மே 1-க்குள் ஒப்படைக்க உத்தரவு. ஒரு ஆளுக்கு 100 டாலர் வரை நாணயம் வைத்துக்கொள்ளலாம். மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை. அவுன்ஸுக்குக் கொடுத்த விலை 20.67 டாலர். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் டாலர் தங்கத்திலிருந்து கழற்றிவிடப்பட்டது. 1934 ஜனவரி கடைசியில் தங்கத்தின் விலை 35 டாலர் என்று நிர்ணயித்தார்கள், அதாவது டாலரின் மதிப்பைக் குறைத்தார்கள்.

விளைவைப் பாருங்கள். 1933 மார்ச்சுக்கும் ஜூலைக்கும் நடுவே தொழில் உற்பத்தி 57 சதவீதம் ஏறியது. நான்கு மாதத்தில்! அதற்குள் எந்தக் கட்டுமானத் திட்டத்தின் பணமும் பெரிதாக வெளியே வரவில்லை. விலை இனி ஏறும், ஏற்றித்தான் தீருவோம் என்று அரசு சொன்னதை மக்கள் நம்பினார்கள். நாளை விலை ஏறும் என்று தெரிந்தால் இன்றைக்கே வாங்குவார்கள், வியாபாரி சரக்கு போடுவார், ஆலை ஓடும்.

நடுவில் நடந்ததெல்லாம் ஒழுங்கான அறிவியல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1933 இலையுதிர் காலத்தில் தினமும் காலையில் தங்கத்தின் கொள்முதல் விலையை ரூஸ்வெல்ட் தன் படுக்கையறையில் வைத்து நிர்ணயித்தார். ஒருநாள் 21 சென்ட் கூட்டுவோம், மூன்று ஏழு, ராசியான எண் என்றாராம். உடனிருந்த, பின்னால் கருவூலச் செயலரான மார்கென்தா நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார், படித்தால் வயிறு கலங்கும். இருந்தாலும் போன திசை சரியானது.

நீலத்தாமரை

தங்கத்தைக் கொடுத்தவருக்கு 20.67, பிறகு அரசு கணக்கில் 35. நேர்மையாகச் சொல்லிவிட்டுக் கொடுத்த குடிமகன் இழந்தான் என்பதையும் பதிவு செய்வோம். தங்கத்தில் திருப்பித் தருவோம் என்று எழுதிக் கொடுத்த கடன் பத்திரங்களையும் சட்டம் போட்டு மாற்றினார்கள். 1935-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்ற கணக்கில்தான் அரசு தப்பியது. அவசர காலம் என்றாலும் இது அரசே தன் கையெழுத்தை மீறிய செயல். தேவைப்பட்டது என்று ஏற்கலாம். நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தனிவழி

ஏற்றம் ஜூலையோடு ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லையே? 1933 ஜூனில் தேசியத் தொழில் மீட்புச் சட்டம் வந்தது. ஒவ்வொரு தொழிலிலும் முதலாளிகள் கூடி உட்கார்ந்து, இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது, இந்தக் கூலிக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று விதி எழுதினார்கள். ஒத்துக்கொண்ட கடைக்காரர்கள் ஜன்னலில் நீலக்கழுகுப் படம் ஒட்டினார்கள். வேலையில்லாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது, குறைந்த விலைக்கு விற்றால் குற்றம்! மலிவாக உற்பத்தி செய்யத் தெரிந்த சிறிய ஆலைக்காரரைப் பெரியவர்கள் ஒன்றுகூடி நசுக்க அரசே வழிசெய்தது. 1935 மே மாதம் ஷெக்டர் என்ற கோழி வியாபாரிகளின் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள். ரூஸ்வெல்ட்டை ஆதரித்த தாராளவாத நீதிபதிகளும் சேர்ந்துதான்.

மீட்சி நடந்தது அரசின் இந்தப் பாதி நடவடிக்கைகளையும் மீறி என்பது என் கருத்து.

செங்கல்

தனிவழி நண்பரே, அதே சட்டத்தில்தான் தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையும், பல தொழில்களில் குழந்தை உழைப்புக்குத் தடையும் வந்தன. 1935-இல் சட்டம் போனது, சங்கம் சேரும் உரிமை அதே ஆண்டு வாக்னர் சட்டம் என்ற தொழிலாளர் சட்டமாகத் திரும்பி வந்தது. விலை நிர்ணயம் பிழை என்பதில் உங்களோடு சண்டையில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். விவசாயச் சட்டம். விலை ஏற வேண்டும் என்பதற்காக 1933 கோடையில் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது மடக்கினார்கள். 60 லட்சம் பன்றிக்குட்டிகளைக் கொன்றார்கள். நகரத்தில் இலவசக் கஞ்சிக்கு மக்கள் வரிசையில் நிற்கும்போது! அதிலிருந்து வந்த கூச்சலுக்குப் பிறகுதான் உபரி உணவை வாங்கி ஏழைகளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

அதைவிட மோசம், விதைக்காமல் விட்டதற்கான பணம் நில உடைமையாளர் கைக்குப் போனது. தென் மாநிலங்களில் அந்த நிலத்தை விளைச்சலில் பங்குக்குப் பயிரிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பணத்தில் பங்கு கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது, கொடுத்தவர்கள் குறைவு. விதைப்பு குறைந்ததால் ஆளும் தேவையில்லை என்று குடும்பத்தோடு வெளியேற்றினார்கள். கறுப்பர்களும் ஏழை வெள்ளையரும் சேர்ந்து 1934-இல் ஆர்கன்சாவில் தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கத்தை அமைத்தது இதனால்தான். 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டுவேலை செய்பவர்களுக்கும் இடமில்லை. கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். மந்தத்துக்கு அரசு கொடுத்த பதிலைப் பாராட்டும்போது, அந்தப் பதில் யாருடைய வாசலோடு நின்றது என்றும் கேட்க வேண்டும்.

பொருள்தேடி

நல்ல இடத்துக்கு வந்திருக்கிறோம். செலவைப் பற்றி யாராவது எண்ணோடு சொல்லுங்கள். "பணத்தை அள்ளி இறைத்தார்" என்பது எவ்வளவு தூரம் உண்மை?

கணக்காயர்

கொஞ்சம்தான் உண்மை. 1932 தேர்தலில் ஹூவர் அதிகம் செலவழிக்கிறார் என்று குற்றம் சாட்டி ஓட்டுக் கேட்டவர் ரூஸ்வெல்ட். பதவியேற்ற மாதமே சிக்கனச் சட்டம் கொண்டுவந்து அரசு ஊழியர் சம்பளத்தையும் முன்னாள் படைவீரர் உதவித்தொகையையும் வெட்டினார். ஹூவரின் கடைசிக் காலத்திலேயே மத்திய அரசின் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 4 சதவீதம் அளவு இருந்தது. ரூஸ்வெல்ட்டின் திட்டங்களுக்கு வைத்த பெயரான நியூ டீல் உச்சத்தில் 5, 6 சதவீதம். கால்பங்கு உற்பத்தி காணாமல் போன பொருளாதாரத்துக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதே காலத்தில் மாநிலங்களும் நகராட்சிகளும் வரியைக் கூட்டிச் செலவைக் குறைத்தன, மேலே கொடுத்ததில் ஒரு பகுதி கீழே கழிந்துவிட்டது. கேரி பிரவுன் என்ற அறிஞர் 1956-இல் இதைக் கணக்குப் போட்டு, அரசுச் செலவு என்ற மருந்து தோற்றதற்குக் காரணம் அது கொடுக்கப்படவே இல்லை என்பதுதான் என்று முடித்தார். கிறிஸ்டினா ரோமர் 1992-இல் எழுதிய கட்டுரையில், மீட்சிக்கு முக்கியக் காரணம் தங்க வரவால் பெருகிய பண அளவு என்றார்.

வேலையின்மை எண்ணிலும் கவனம் வேண்டும். பழைய புள்ளிவிவரப்படி 1936-இல் ஏறத்தாழ 17 சதவீதம். நியூ டீல் தோல்வி என்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். அந்தக் கணக்கில், அரசு நிவாரணத் திட்டத்தில் சாலை போட்டு மாதம் சுமார் 50 டாலர் கூலி வாங்கியவரும் வேலையில்லாதவர்! அவர்களை வேலையிலிருப்பவர்களாக எண்ணினால் 10 சதவீதத்துக்கு இறங்குகிறது. இரண்டு எண்ணும் சரிதான், இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில். தனியார் துறை எவ்வளவு பேரை எடுத்துக்கொண்டது என்றால் முதல் எண். எத்தனை வீட்டில் சம்பளம் வரவில்லை என்றால் இரண்டாவது. செங்கல் சொன்னவர்கள் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள்.

வெண்தாள்

அருமையான விளக்கம். அப்போ 1937?

கணக்காயர்

அதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி. 1933-லிருந்து 1937 வரை ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் குறையாத வளர்ச்சி. உற்பத்தி 1929 அளவை எட்டிவிட்டது. உடனே எல்லோருக்கும் அவசரம் வந்துவிட்டது. விலை ஏறிவிடுமோ என்று ஃபெடரல் ரிசர்வ் பயந்தது. 1936 ஆகஸ்டிலிருந்து 1937 மே வரை மூன்று தவணையில் வங்கிகளின் கட்டாயக் கையிருப்பு விகிதத்தை, அதாவது வைப்புத்தொகையில் கடன் கொடுக்காமல் ஒதுக்கிவைக்க வேண்டிய பங்கை இரட்டிப்பாக்கியது. வங்கிகளில் சும்மா கிடக்கிற உபரியைத்தான் முடக்குகிறோம் என்று நினைத்தார்கள். ஆனால் 1933-இல் சூடுபட்ட வங்கிக்காரருக்கு அது உபரி இல்லை, பாதுகாப்பு. மறுபடியும் அதே அளவு உபரியைச் சேர்க்கக் கடனைக் குறைத்தார்கள். கருவூலம் வெளிநாட்டிலிருந்து வந்த தங்கத்தைப் பண அளவில் சேரவிடாமல் தனியே ஒதுக்கியது. அரசு செலவைக் குறைத்தது. 1936-இல் முன்னாள் படைவீரர்களுக்குக் கொடுத்த பெரிய தொகை மறு ஆண்டு கிடையாது. 1937 ஜனவரியிலிருந்து சமூகப் பாதுகாப்புக்கான சம்பளப் பிடித்தம் தொடங்கியது, ஓய்வூதியமோ இன்னும் வரவில்லை.

நாலும் ஒரே நேரத்தில். ஓராண்டுக்குள் தொழில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. வேலையின்மை பழைய கணக்குப்படி 14-லிருந்து 19 சதவீதம். 1938 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் திசையைத் திருப்பினார். 300 கோடி டாலர் அளவுக்குப் புதிய செலவுத் திட்டம், தங்கத்தை ஒதுக்குவது நிறுத்தம், கையிருப்பு விகிதத்தில் தளர்வு. உடனே மறுபடி ஏறத் தொடங்கியது. ஒரு நாட்டில் ஒரே மருந்தை நிறுத்தியும் கொடுத்தும் பார்த்தது மாதிரியான சான்று வரலாற்றில் இப்படித் துல்லியமாகக் கிடைப்பது அரிது.

தனிவழி

1937 விஷயத்தில் கூலி ஏற்றத்தையும், முதலீட்டாளர்களுக்கு இருந்த அச்சத்தையும் விட்டுவிட்டீர்கள். ஆனால் கையிருப்பு விகிதமும் தங்க ஒதுக்கலும் பெரிய காரணங்கள் என்பதை நானும் ஏற்கிறேன்.

நாணயமாற்று

மற்ற நாடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தங்கத்தை முன்னால் விட்டவர்கள் முன்னால் மீண்டார்கள். பிரிட்டன் 1931, அமெரிக்கா 1933. பிரான்ஸ் 1936 வரை பிடிவாதமாகத் தொங்கியது, அதுவரை அவதிப்பட்டது. ஜப்பானில் தகாஹாஷி கொரெகியோ 1931 டிசம்பரில் நிதியமைச்சரானதும் தங்கத்தை விட்டார், கடன் பத்திரங்களை மத்திய வங்கியையே வாங்கவைத்துச் செலவு செய்தார், நாடு வேகமாக மீண்டது. மீண்ட பின் ராணுவச் செலவைக் கட்டுப்படுத்தப் பார்த்தார். 1936 பிப்ரவரியில் கலகக்கார ராணுவ அதிகாரிகள் அவரை அவர் வீட்டிலேயே கொன்றார்கள்.

ஜெர்மனியில் அரசுத் தலைவராக இருந்த சான்சலர் ப்ரூனிங் நேர் எதிர். 1930 முதல் 1932 வரை அவசர ஆணைகள் மூலம் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டிக்கொண்டே போனார். 1932 தொடக்கத்தில் 60 லட்சம் பேருக்கு வேலையில்லை. நாஜிக் கட்சிக்கு 1928-இல் 2.6 சதவீத ஓட்டு, 1930-இல் 18.3, 1932 ஜூலையில் 37.3. வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த மூன்று எண்களையும் வேலையில்லாதவர் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

பொருள்தேடி

கடைசியாக ஒன்று. எதுவும் பலிக்கவில்லை, போர்தான் மந்தத்தை முடித்தது என்று அடிக்கடி சொல்கிறார்களே?

பழஞ்சுவடி

உற்பத்தியைக் கேட்டால், இல்லை. 1937-லேயே 1929 அளவைத் தாண்டிவிட்டது. 1938-க்குப் பிறகும் வேகமாக ஏறியது. அதில் ஒரு பங்கு, ஐரோப்பாவில் ஹிட்லருக்குப் பயந்து அமெரிக்காவுக்கு ஓடிவந்த தங்கத்தால். வேலையைக் கேட்டால், பெரும்பாலும் ஆம். 1940-இல் நிவாரண வேலைக்காரர்களையும் வேலையிலிருப்பவர்களாகச் சேர்த்து எண்ணியும் 9 சதவீதத்துக்கு மேல் வேலையில்லாதவர்கள். 1942-இல் 5 சதவீதத்துக்குக் கீழே. 1933-இல் ஐம்பது வயதில் வேலை இழந்தவருக்கு 1942-இல் கிடைத்து என்ன பயன்?

ஆயுதத் தொழிற்சாலைக்குச் செலவழிக்க 1941-இல் இருந்த துணிவு, பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் செலவழிக்க 1934-இல் இருந்திருக்கலாம். ஹாப்கின்ஸ் 40 லட்சம் பேரை வைத்து நடத்திய அந்தக் குளிர்காலத் திட்டத்தை, அதிகம் செலவாகிறது என்று 1934 மார்ச்சில் ரூஸ்வெல்ட்டே மூடினார். செங்கல் தோழருக்கு என் பதில் இது. வங்கியைக் காப்பாற்றியது சரி, தங்கத்தை விட்டது சரி. அந்தத் திட்டத்தை மூடியதற்கு மட்டும் எனக்கு எந்த நியாயமும் கிடைக்கவில்லை.